ரேடியோவுல நம்ம குரல் எங்கே?

(ஜூலை 5 விவசாயத் தியாகிகள் தினத்தை முன்னிட்டு ஆட்டையாம்பட்டியில் நடந்த விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். படித்துவிட்டுத் தூக்கிப் போடாமல் அடுத்தவர் கையில் கொடுங்கள்.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தறித் தொழிலாளத் தோழர்களே! தாய்மார்களே! பெரியோர்களே!



கரண்டு பிரச்சனைக்குக் கூட்டம்னு நோட்டீஸ் அடிச்சுட்டு, மேடையேறி ரேடியோவைப் பத்தியும் பாட்டைப் பத்தியும் பேசுறாங்களே, இவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க நெனைக்கலாம். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. ரெண்டும் ஒரே பிரச்சனைதான். எப்படின்னு சொல்றோம்.

போன மாசம் டீக்கடையில உட்கார்ந்திருந்தோம். பக்கத்து பெஞ்சில ஒரு தம்பி. படிச்ச பையன், சேலத்துல வேலை. பேச்சு வாக்குல சொல்றான்: "விவசாயிக்கு என்னங்க குறை? கெணத்துக்குக் கரண்டு ஓசி, கடன் தள்ளுபடி ஓசி, எல்லாமே ஓசி!" விசாரிச்சுப் பார்த்தா, அந்தத் தம்பியோட அப்பாவே குச்சிக்கிழங்கு போடுற விவசாயி. அவரு கெணத்துல ஓடுற மோட்டார்லதான் இந்தப் பையன் படிச்சு வந்திருக்கான். அவன் மேல எங்களுக்குக் கோபம் வரலீங்க. எங்க மேலதான் கோபம் வந்தது. ஏன்னா அந்தக் கரண்டு எப்படி வந்ததுன்னு நாங்க அவனுக்குச் சொல்லவே இல்லை.

அதே வாரத்துல நம்ம கிளைச் சங்கத்தில மூத்தவர் ஒருத்தர் காலமானார். எழுபதுகள்ல நடந்த போராட்டங்கள்ல வண்டி கட்டிக்கிட்டுப் போனவர். துக்கம் விசாரிக்கப் போனோம். பேத்திப் பொண்ணு செல்போனை எடுத்து நீட்டுச்சு. "தாத்தா பாடினதுங்க"ன்னு சொல்லுச்சு. வண்டியில போகும்போது எல்லாரும் சேர்ந்து பாடின பாட்டாம். கும்மி மெட்டு. கரண்டு மீட்டரையும் ஆபீசரையும் கிண்டல் பண்ற பாட்டு. கேட்க ஆரம்பிச்சோம். 1 நிமிஷம் 40 விநாடி ஓடுச்சு. நடுவுல யாரோ போன் பண்ணிட்டாங்க, பதிவு அறுந்துபோச்சு. "இன்னொரு நாளைக்குப் பாடிக்கலாம் சாமின்னு சொன்னாருங்க. அந்த இன்னொரு நாள் வரவே இல்லீங்க"ன்னு அந்தப் பொண்ணு அழுதுச்சு.

அந்தப் பாட்டோட மீதி வரிகள் இப்ப யாருக்கும் தெரியாது. கூடப் பாடினவங்க யாரும் உயிரோட இல்லை. நாங்க விசாரிச்சுப் பார்த்துட்டோம்.

டீக்கடைத் தம்பி சொன்ன சொல்லும், இந்த அறுந்துபோன பாட்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் உள்ளவை. பெரியவர் குரல் அறுந்துபோனதாலதான் அந்தத் தம்பி 'ஓசி'ன்னு சொல்றான். இதைத்தான் இன்னைக்குப் பேச வந்தோம்.

இலவசம் எப்படி வந்தது?

1970 ஜூன் 19. பெருமாநல்லூர். கரண்டு கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்து நின்ற விவசாயிகள் மேல் போலீஸ் சுட்டது. மூன்று பேர் செத்தார்கள். எவ்வளவு ரூபாய்க்காக? ரூபாய் இல்லீங்க, பைசா! யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் ஏற்றிய கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்டதற்காக!

1972இல் மறுபடியும் கட்டண உயர்வு. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு போய்க் கோவை நகரத்தை நிறைத்தார்கள். நகரம் அசையாமல் நின்றது. அந்த ஆண்டு ஜூலை 5ஆம் தேதி மாநிலம் தழுவிய போராட்டம். அன்றைக்கு நம்ம சேலம் மாவட்டத்து பெத்தநாயக்கன்பாளையத்திலும் துப்பாக்கி வெடித்தது. விவசாயி ரத்தம் ரோட்டில் ஓடியது. அதனால்தான் இன்றைக்கும் ஜூலை 5 நமக்குத் தியாகிகள் தினம். கொடி ஏற்றுகிறோம், மாலை போடுகிறோம், கலைந்து போகிறோம்.

அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர்களில் சூடு நடந்தது, தடியடி நடந்தது, ஜப்தி நடந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி நாராயணசாமி நாயுடு மறைந்தார். 1990இல்தான் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்று ஆனது. முதல் சூட்டிலிருந்து கணக்குப் போட்டால் 20 வருஷம்! 2003இல் அதையும் நிறுத்திப் பார்த்தார்கள். 2004 தேர்தலில் ஜனங்கள் பதில் சொன்ன பிறகுதான் திரும்ப வந்தது.

இது ஓசியா? சொல்லுங்க. பணம் கட்டி வாங்கல, உசிர் கட்டி வாங்கினது.

இப்போது என்ன நடக்கிறது? மின்சாரச் சட்டத் திருத்தம் என்று 2020இல் ஒரு வரைவு வந்தது. 2022 ஆகஸ்டில் மசோதாவாக நாடாளுமன்றத்துக்கே வந்தது. 2025 அக்டோபரில் மறுபடியும் ஒரு வரைவு. மானியத்தை ஒழித்து, மின்சாரத்தை முழு வியாபாரம் ஆக்கும் நோக்கம்தான் ஒவ்வொன்றிலும் தலை நீட்டுகிறது. இதை எதிர்த்து நிற்கப் போவது யார்? அந்த டீக்கடைத் தம்பி நிற்க வேண்டாமா? 'ஓசி'ன்னு நெனைக்கிறவன் பறிபோறப்ப எதுக்குங்க நிப்பான்?

மோட்டார் வந்தது, பாட்டு நின்றது

நம்ம பாட்டன் காலத்தில் கிணற்றில் கவலை ஓட்டினார்கள். சால், வடம், ரெண்டு மாடு, ஒரு ஆள். விடியக்காலம் மூணு மணிக்கே பூட்டிடுவாங்க. மாடு வாரியில இறங்க ஒரு அடி, ஏற ஒரு அடின்னு பாட்டு. ஏற்றம் இறைத்த ஊர்களில் எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டிலேயே எண்ணினார்கள். பாடறது பொழுதுபோக்குக்கு இல்லீங்க. தூக்கம் வராம இருக்க, மாடு சோராம இருக்க, கணக்குத் தப்பாம இருக்க. பாட்டே ஒரு வேலைக்கருவி.

மோட்டார் வந்தது. நல்லதுதான். மாடும் மனுஷனும் பிழைத்தார்கள். ஆனால் பாட்டு நின்றுபோனது. பாவடியில் பாவு போட்டவர்களும் கைத்தறிக் குழியில் உட்கார்ந்தவர்களும் பாடினார்கள். விசைத்தறி வந்தபிறகு அந்தச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே காதில் விழாது, எங்கே பாடுவது?

வேலையில் இருந்த பாட்டுத்தான் பிறகு போராட்டத்துக்கு வந்தது. அதே கும்மி மெட்டு, அதே ஏற்ற மெட்டு. வார்த்தை மட்டும் மாறியது. மீட்டரைப் பற்றி, கந்துவட்டியைப் பற்றி, கிழங்குக்குப் பாயிண்ட் வைத்து விலையை அடிக்கிறதைப் பற்றி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கட்டிய பாட்டுகள். ஆகவே எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாடியவர் போனால் பாட்டும் போச்சு.

நம்ம பக்கத்திலேயே கிடக்கிற வரலாறு

ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலத்துக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் கூட ஆகாது. அந்தச் சேலம் மத்தியச் சிறையில் 1950 பிப்ரவரி 11ஆம் தேதி என்ன நடந்தது என்று நம்ம பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். நாடு குடியரசாகி 16 நாள்தான் ஆகியிருந்தது. சிறைக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயச் சங்கத்துக்காரர்கள். எங்களை அரசியல் கைதிகளாக நடத்துங்கள், மானத்தோடு நடத்துங்கள் என்று கேட்டவர்கள்.

கேரளாவில் அந்த 22 பேருக்கும் ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது. சுடப்பட்ட இடம் சேலம். சேலத்துக்காரர்களாகிய நமக்குத் தெரியாது! அந்தக் கட்சி நமக்கு ஒத்துவருமா வராதா என்பது வேறு பேச்சு. உழுது பிழைத்தவன் நம்ம மண்ணில் வந்து செத்தான் என்பதாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

கோவையில் 1946 ஜனவரி 8ஆம் தேதி சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். இப்படி ஊருக்கு ஊர் இருக்கிறது. எல்லாம் ஆண்டுக்கு ஒரு நாள் மாலை வாங்கிக்கொண்டு, மீதி நாள் பேசாமல் நிற்கிற தூண்களாக இருக்கின்றன.

கடல் தாண்டிப் போன பாட்டு

பாட்டு சங்கத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு நம்ம ஜனங்களிடமே ஒரு சாட்சி உண்டு. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பஞ்சம் தாங்காமல் சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனார்கள் அல்லவா? கங்காணி கூட்டிப் போய்த் தேயிலைக் காட்டில் இறக்கிவிட்டான். அங்கே 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சங்கம் கட்டியவர் தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர். அவர் மனைவி மீனாட்சி அம்மாள். அந்த அம்மா கூட்டத்துக்குக் கூட்டம் பாடினார். பேச்சு ஆரம்பிக்கும் முன்னாலேயே பாட்டில் விஷயம் முடிந்துவிடும். சினிமா மெட்டு, நாட்டு மெட்டு எல்லாவற்றிலும் தொழிலாளியின் கஷ்டத்தைப் போட்டுப் பாடினார்.

1940 ஜனவரியில் அந்த மலைநாட்டில் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். கோவிந்தன் என்கிற தொழிலாளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே 1940இல்தான் மீனாட்சி அம்மாள் தன் பாட்டுகளைச் சின்னப் புத்தகமாக அச்சடித்தார். அச்சடித்ததால்தான் இன்றைக்கும் அவர் பேரைச் சொல்கிறோம். அவர் பாடிய குரல்? அது போய்விட்டது. வார்த்தை மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. நம்ம பெரியவருக்கு நேர் எதிர். அங்கே ஒன்றரை நிமிஷக் குரல் மிஞ்சியது, பாட்டு மிஞ்சவில்லை.

வெள்ளைக்காரன் ரேடியோவில் செய்தது

சரி, குரலையும் பாட்டையும் சேர்த்துக் காப்பாற்ற வழி இருக்கிறதா? இருக்கிறது. செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1957இல் ஜான் ஆக்சன் என்கிற ரயில் டிரைவர். பிரேக் பிடிக்காமல் சரிவில் ஓடிய எஞ்சினிலிருந்து குதிக்காமல், கடைசி வரை நின்று எச்சரிக்கை செய்து செத்தவர். அவர் கதையை பிபிசி ரேடியோவுக்காக எடுக்கப் போனார்கள். ஈவான் மக்கால் என்ற பாடகர், பெக்கி சீகர் என்ற பாடகி, சார்லஸ் பார்க்கர் என்ற தயாரிப்பாளர். அந்தக் காலத்து வழக்கம் என்ன தெரியுமா? தொழிலாளியிடம் பேசி எழுதிக்கொண்டு வந்து, அதை நடிகர்களை வைத்துப் பேச வைப்பார்கள். தொழிலாளி பேசினால் பாஷை சுத்தமாக இருக்காது என்று எண்ணம். இவர்கள் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு டிரைவர்கள் வீட்டுக்கும் ரயில் ஷெட்டுக்கும் போனார்கள். பதிவு செய்ததைத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். எந்த நடிகனும் இந்த மாதிரிப் பேச முடியாது என்று தெரிந்துகொண்டார்கள். தொழிலாளியின் சொந்தக் குரல், வேலையின் சத்தம், நடுநடுவே அதே பேச்சிலிருந்து கட்டிய பாட்டு. மூன்றையும் சேர்த்துப் பின்னி 1958 ஜூலையில் ஒலிபரப்பினார்கள்.

1964 வரைக்கும் எட்டு நிகழ்ச்சிகள். ரோடு போடுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், நிலக்கரி வெட்டுகிறவர்கள், நாடோடிகள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்று. 'ரேடியோ பேலட்' என்று பேர் வைத்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால் ரேடியோக் கதைப்பாட்டு. இன்றைக்கு அந்தச் சுரங்கங்கள் மூடிவிட்டன. வெட்டியவர்கள் செத்துவிட்டார்கள். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொரு நாடு பொலிவியா. தென் அமெரிக்காவில் ஏழை நாடு. அங்கே தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் கடைசியிலிருந்து தங்கள் சம்பளத்தில் பிடித்த காசைப் போட்டுச் சொந்தமாகவே ரேடியோ நிலையங்கள் கட்டினார்கள். ஒன்றல்ல, இருபதுக்கு மேல்! அவர்கள் பேசுகிற பாஷையிலேயே பேச்சு, பாட்டு, சங்கச் செய்தி. ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிறபோதெல்லாம் முதலில் அந்த நிலையங்களைத்தான் தேடி வந்தது. 1980இல் ராணுவம் வந்தபோது ஒரு நிலையத்தை அடக்கினால் அடுத்தது பேசியது. கடைசி நிலையம் வரை பேசினார்கள். துப்பாக்கி வைத்திருப்பவன் ரேடியோவைப் பார்த்து ஏன் பயந்தான்? யோசித்துப் பாருங்கள்.

நம்ம ரேடியோ என்ன சொன்னது?

ரேடியோ நமக்குப் பகை இல்லைங்க. பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் மண் தரையில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1960களில் திருச்சி நிலையம் சொல்லித்தான் தஞ்சாவூர் விவசாயிகள் ஏ.டி.டி. 27 நெல்லைப் போட்டார்கள். அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்'லுன்னு பேர் வந்துவிட்டது! ஒரு ரேடியோவால் ஒரு நெல் ரகத்துக்குப் பேர் மாறுகிறது என்றால் அதன் பலம் என்ன?

வயலும் வாழ்வும் நாம கேட்டதுதான். எப்ப விதைக்கணும், எவ்வளவு யூரியா போடணும், பூச்சிக்கு என்ன அடிக்கணும், எல்லாம் சொன்னாங்க. நன்றியோடுதான் சொல்கிறோம். ஆனால் விளைஞ்சதுக்கு விலை ஏன் கிடைக்கலைன்னு பேச அங்கே இடம் குறைச்சல். விளைச்சல் வரைக்கும்தான் ரேடியோ நம்மகூட வந்தது. விலைக்கும் போராட்டத்துக்கும் நாம தனியாத்தான் போனோம்.

பாட்டு விஷயமும் அப்படித்தான். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் விவசாயச் சங்கத்தில் வேலை செய்துவிட்டு வந்த ஆள். நம்ம ஏற்காடு ரோட்டு மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பாசவலை' (1956) படத்துக்குப் பாட்டு எழுதினார். 29 வயசில் 1959இல் போய்விட்டார். அவர் பாட்டை ரேடியோ ஓயாமல் போட்டது. எப்படி? சினிமாப் பாட்டாக! அதே மனுஷன் சங்கக் கூட்டத்தில் பாடியிருந்தால் மைக் வந்திருக்குமா? சினிமாச் சட்டை போட்டு வந்தால் உள்ளே விடு, சங்கத் துண்டு போட்டு வந்தால் வெளியே நிறுத்து. இதுதான் நடைமுறை.

சட்டம் என்ன சொல்கிறது? 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது, அலைவரிசை பொதுச்சொத்து என்று. அதாவது ஆத்துத் தண்ணி மாதிரி, காத்து மாதிரி, எல்லாருக்கும் சொந்தம். 2006இல் சமுதாய வானொலிக்கு விதிமுறை வந்தது. தொண்டு நிறுவனங்கள், வேளாண் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் நடத்தலாம் என்றார்கள். நல்லது. 2008இல் தெலங்கானாவின் மச்னூரில் ஏழை தலித் விவசாயப் பெண்கள் 'சங்கம் ரேடியோ' என்று நடத்திக் காட்டினார்கள். விதை, கம்பு, தினை, தங்கள் பாட்டு என்று சொந்தப் பேச்சில் பேசினார்கள். நம்மால் ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதே விதிமுறையில் என்ன முடிச்சுப் போட்டார்கள் தெரியுமா? செய்தியும் அரசியலும் பேசக்கூடாது. கட்சி சார்ந்த தொழிற்சங்கத்துக்கு அனுமதி கிடையாது. தனியார் எஃப்.எம்.மும் சொந்தமாகச் செய்தி சொல்ல முடியாது. ராத்திரி பகலா சினிமாப் பாட்டும் விளம்பரமும் போடலாம். ஆனால் சேகோ ஆலையில் இன்றைக்குக் கிழங்கு என்ன விலைக்குப் போனது, ஏன் இறங்கியது, யார் இறக்கினார்கள் என்று நாம் உட்கார்ந்து விவாதித்தால் 'அது அரசியல்'! திருமணிமுத்தாறு ஏன் இப்படி நுரை தள்ளுதுன்னு கேட்டா 'அது அரசியல்'! அலைவரிசை பொதுச்சொத்துதான், ஆனா பொதுஜனம் மட்டும் தொடக்கூடாது. இது என்ன நியாயம்?

யார் குரலை எடுப்பது?

இன்னொரு விஷயம். இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. கோபப்படாமல் கேட்க வேண்டும்.

நம்ம வரலாறு என்றால் கிணறு வைத்திருக்கிறவன், பட்டா வைத்திருக்கிறவன் வரலாறு மட்டுமா? 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கூலியாக நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட விவசாயத் தொழிலாளிகள். எதிர்ப்பக்கம் நின்றது யார்? நிலம் வைத்திருந்தவர்கள். அவர்களும் சங்கம் என்று பேர் வைத்துக்கொண்டுதான் நின்றார்கள். நாமும் சங்கம் என்றுதான் பேர் வைத்திருக்கிறோம். ஆகவே நம்ம வரலாற்றைப் பதிவு பண்ணுகிறபோது நம்ம காட்டில் கிழங்கு பிடுங்கிய கூலிக்காரரின் குரல் அதில் இல்லை என்றால் அது பாதி வரலாறுதான். பொய் வரலாறு என்று கூடச் சொல்லலாம்.

பெண்கள் குரல் எங்கே? ஆண்கள் ஜெயிலுக்குப் போன நாட்களில் மாட்டைப் பார்த்தது யார்? ஜப்திக்கு வந்தவர்களை வாசலில் மறித்தது யார்? பழைய போராட்ட போட்டோக்களை எடுத்துப் பாருங்கள், துண்டு போட்ட ஆண்களாகவே இருக்கும். ஆயாக்களைக் கேளுங்கள், வேறு கதை வரும். நடவுப் பாட்டு, களை எடுக்கிற பாட்டு எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆட்டையாம்பட்டி முறுக்குன்னா ஊரு உலகமெல்லாம் பேர். விடிய விடிய உட்கார்ந்து கையால சுத்தின பெண்களோட பேரு யாருக்காவது தெரியுமா? அவங்க கைவலிக்கு ஒரு பாட்டு இருக்கும். கேட்டுப் பார்த்தோமா?

டெல்லி எல்லையில் 2020 நவம்பரிலிருந்து ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். டிராக்டர் டிராலியே வீடு. அங்கே என்ன செய்தார்கள்? சோறு ஆக்கினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், பாட்டுக் கட்டினார்கள். பஞ்சாபிப் பாட்டுகள் செல்போனில் ஊர் ஊராகப் பறந்தன. ஆயாக்கள் மைக் பிடித்துப் பேசினார்கள். எந்த ரேடியோவையும் நம்பி அவர்கள் காத்திருக்கவில்லை. 2021 நவம்பரில் மூன்று சட்டங்களும் வாபஸ் ஆயின. பாட்டால் மட்டும் ஜெயித்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் குளிரிலும் மழையிலும் அவர்களைக் கலையாமல் உட்கார வைத்ததில் பாட்டுக்குப் பங்கு உண்டு.

ஆகவே நாம் செய்ய வேண்டியது

அரசு செய்யும்வரை காத்திருந்தால் பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். 1972இல் 20 வயசு என்றால் இன்றைக்கு எழுபதைத் தாண்டியாச்சு. வாரத்துக்கு ஒரு சாவு விசாரிக்கிறோம். ஒவ்வொருத்தர் போகும்போதும் ஒரு பெட்டகம் போகிறது.

ஆகவே ஒவ்வொரு கிளைச் சங்கமும் இந்த ஜூலை 5க்குள் குறைந்தது மூன்று பேரின் குரலைப் பதிவு பண்ண வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மூவரில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் கூலி வேலை செய்தவராகவும் இருக்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் கண்ட சில விஷயங்களைச் சொல்கிறோம்:

தறி ஓடாத நேரமாகப் பார்த்துப் போங்கள். ஃபேனை நிறுத்துங்கள். போன் வந்தால் பதிவு அறுந்துவிடும், ஆகவே முதலில் சிக்னலை அணைத்துவிடுங்கள். இந்தப் பாடத்தை நாங்கள் ஒரு பாட்டைத் தொலைத்துக் கற்றுக்கொண்டோம். போனை அவர் வாய்ப்பக்கம் ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். முதலில் பேரு, ஊரு, வயசு, தேதி சொல்ல வையுங்கள். அப்புறம் நீங்க பேசாதீங்க! "அன்னைக்குக் காலையில எங்க இருந்தீங்க, என்ன சாப்பிட்டுட்டுக் கிளம்பினீங்க"ன்னு ஒரு கேள்வி போதும், மீதி தானா வரும். அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். அழுதால் அழ விடுங்கள். பாட்டு பாதியில் மறந்தால் விடுங்கள், நாலு நாள் கழித்து மறுபடி போங்கள். கூடப் பாடுகிறவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் தானாக ஞாபகம் வரும். அவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். சம்மதித்தால் மூன்று இடத்தில் நகல் வையுங்கள்.

ஜூலை 5 அன்றைக்குத் தூணுக்கு மாலை போட்ட பிறகு, தலைவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வோம். நாங்களும் குறைத்துக்கொள்கிறோம். மைக் செட்டில் அந்தக் குரல்களைப் போடுவோம். வண்டியில் போனவர் சொல்லட்டும், சூடு பட்டவர் வீட்டுப் பெண் சொல்லட்டும். டீக்கடைத் தம்பியைக் கூப்பிட்டு முதல் வரிசையில் உட்கார வைப்போம். கேட்டுவிட்டு அவனே சொல்லட்டும், ஓசியா இல்லையா என்று.

நம் கோரிக்கைகள்

1. ஆல் இந்தியா ரேடியோவின் தமிழ்நாட்டு நிலையங்கள், விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், நெசவாளர்கள், மில் தொழிலாளர்கள் போராட்ட வரலாற்றை, பங்கெடுத்தவர்களின் சொந்தக் குரலிலும் பாட்டிலும் தொடர் நிகழ்ச்சியாகத் தயாரித்து ஒலிபரப்ப வேண்டும்.

2. நிலையங்களின் களஞ்சியத்தில் இருக்கிற பழைய கிராமியப் பாட்டு, உழவர் பேச்சுப் பதிவுகளை ஜனங்கள் கேட்கும்படி திறந்துவிட வேண்டும்.

3. சமுதாய வானொலியில் செய்தி, விவசாயிகள் பிரச்சனை பற்றிய அரசியல் விவாதம் ஆகியவற்றுக்கு உள்ள தடையை நீக்க வேண்டும். சங்கங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் அனுமதி தர வேண்டும்.

4. பெத்தநாயக்கன்பாளையம், பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூடுகளையும் 1950 சேலம் சிறைச் சம்பவத்தையும் பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

5. விவசாய மின்சாரத்தில் கை வைக்கும் எந்தச் சட்டத் திருத்தத்தையும் மத்திய அரசு கைவிட வேண்டும்.

தோழர்களே! தாய்மார்களே!

அந்தப் பேத்திப் பொண்ணு போனை இன்னும் மாத்தலை. ஸ்கிரீன் உடைஞ்சிருக்கு, புதுசு வாங்கித் தர்றோம்னு வீட்ல சொல்றாங்களாம். "தாத்தா பாட்டு இதுலதாங்க இருக்குது"ன்னு விடமாட்டேங்குது. நகல் எடுத்துக் கொடுத்தோம், அப்பவும் அந்தப் போனை விடலை. அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்ச அருமை நம்ம சங்கத்துக்கு இவ்வளவு நாள் தெரியலையேன்னு வெட்கப்பட்டுக்கிட்டேதான் இந்த மேடையில நிக்கிறோம்.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் திண்ணையில படுத்திருக்கிற பெரியவங்ககிட்ட உட்காருங்க. "அன்னைக்கு என்ன நடந்துச்சு?"ன்னு கேளுங்க. போன் வந்தா எடுக்காதீங்க.

ஜூலை 5! குரல்களோடு வாரீர்! குடும்பத்தோடு வாரீர்!

உழவர் ஒற்றுமை ஓங்குக! தியாகிகள் நாமம் வாழ்க!